கைவிட்டுப் போன தகவலை மறுபடி கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி: ஆதாரிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்த நான்காம் நாள். இன்னும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே வரவில்லை, அம்மா அப்போதுதான் பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார். அவள் போனுக்கு ஒரு அழைப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மேடம், பெண் குழந்தை பிறந்திருக்கு, வாழ்த்துகள், பாப்பாவுக்கு ஃபோட்டோ ஷூட் பண்ணலாமா?" என்று ஒரு குரல். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கே அன்றுவரை நாங்கள் சேதி சொல்லியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு அழைப்புகள் வந்தன, ஒன்று குழந்தைக்குக் காப்பீடு, இன்னொன்று ஸ்டெம் செல் சேமிப்பு. நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டால் "சிஸ்டத்துல இருக்கு மேடம்" என்பதுதான் பதில். மருத்துவமனையில் போய்க் கேட்டோம், நாங்கள் யாருக்கும் தருவதில்லை என்றார்கள். சேர்க்கும்போது மாப்பிள்ளை மூன்று பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். மனைவி வலியில் துடிக்கும்போது மூன்றாம் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யார் நின்று படிப்பார்கள்?

அந்தக் கோபத்தோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடிக்க மூன்று ஞாயிறுகள் ஆயின. செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். பணம் போகக்கூடிய ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும், விளம்பரத் தொல்லை எல்லாம் அப்புறம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே போன தகவலைத் திரும்ப வாங்க முடியாது. அது எத்தனை பேரின் எக்செல் கோப்பில் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. நம்மால் செய்ய முடிந்தவை இரண்டு: வைத்திருப்பவனுக்கு அது உதவாதபடி செய்வது, இன்னமும் ஒழுகிக்கொண்டிருக்கும் குழாய்களை மூடுவது. கீழே இருக்கும் எல்லாப் படிகளும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம், கசிந்தால் மாற்றிக்கொள்ள முடிந்தவை: பாஸ்வேர்டு, யுபிஐ ஐடி, மின்னஞ்சல், ஏடிஎம் கார்டு, கொஞ்சம் கஷ்டப்பட்டால் போன் நம்பர். மறுபக்கம், மாற்றவே முடியாதவை: கைரேகை, முகம், பிறந்த தேதி, ஆதார் எண், பான் எண், நோய் விவரம். 2021-இல் ஏர் இந்தியா தன் பயணிகள் 45 லட்சம் பேரின் விவரம் கசிந்ததாக அறிவித்தபோது அதில் பாஸ்போர்ட் விவரமும் இருந்தது. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் பாட் (கேட்டால் தானாகப் பதில் தரும் நிரல்) வைத்துப் பரப்பப்பட்டு, நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் அதில் இருந்தன. பாஸ்வேர்டு போனால் ஐந்து நிமிடத்தில் வேறு வைத்துக்கொள்ளலாம், ஸ்கேன் ரிப்போர்ட்டை என்ன செய்வது? அதனால் இரண்டாம் பக்கத்தில் இருப்பவற்றை இனி கொடுக்காமல் இருப்பதிலும் பூட்டி வைப்பதிலும்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

படி 1: ஆதாரில் கைரேகையைப் பூட்டுங்கள்

இதை ஏன் முதல் படியாக வைத்தேன் என்றால், ஏஇபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கும் முகவரிடம் போய், ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் சொல்லி விரல் வைத்தால் பணம் தருவார். கிராமத்தில் முதியோர் பென்ஷன் வாங்குபவர்களுக்கு இது பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் இதில் ஓடிபி கிடையாது, பின் நம்பரும் கிடையாது, விரல் மட்டும்தான். ஆந்திரா, ஹரியானா போன்ற மாநிலங்களில் நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையைப் பிரதி எடுத்து, ரப்பரில் விரல் செய்து, இந்த வழியில் பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. பத்திரம் பதிந்த யாருடைய ரேகையும் ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கத்தான் செய்கிறது.

பூட்டுவது சுலபம். மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் 'லாக் பயோமெட்ரிக்ஸ்' என்று இருக்கும். அதைச் செய்தால் கைரேகை, கண், முகம் மூன்றும் பூட்டப்படும். ஓடிபி வைத்துச் செய்யும் வேலைகள் வழக்கம்போல நடக்கும். போன் நம்பர் ஆதாரில் இணைக்கப்படாமல் இருந்தால் இதைச் செய்ய முடியாது, முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் நம்பரைச் சேர்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண்ணான 1947-க்கு அழைத்துக் கேட்கலாம்.

இங்கே ஒரு சிக்கல், எங்கள் வீட்டிலேயே பட்டது. எல்லோருக்கும் பூட்டிவிட்டேன். அடுத்த வாரம் அம்மா ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்று விரல் வைத்தால் இயந்திரம் ஏற்கவில்லை. வெயிலில் நின்றவர் வெறும் பையோடு திரும்பி வந்து என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். பூட்டை ரேஷன் கடைக் கருவியும் மதிக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தற்காலிகமாகத் திறக்கும் வசதி இருக்கிறது, பத்து நிமிடத்தில் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் யார் ரேஷன் வாங்கப் போகிறாரோ அவருக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள், அல்லது அவர் கடையில் நிற்கும்போது நீங்கள் வீட்டிலிருந்து திறந்துவிடுங்கள், ஓடிபி மட்டும் போனில் வாங்கிக்கொண்டால் போதும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று கொடுக்கும் சமயத்திலும் இதே கதைதான்.

அதே தளத்தில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எந்த நேரத்தில், விரலா ஓடிபியா எதை வைத்துச் சரிபார்த்தது என்று பட்டியல் வரும். வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் ரேஷன் கடை, சிம் கார்டு, வங்கி என்று தெரிந்தவையாகத்தான் இருக்கும். தெரியாத ஒன்று இருந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1947-இல் புகார் செய்யுங்கள்.

கடைசியாக, அங்கேயே 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். போனில் இருக்கும் பழைய முழு ஆதார்ப் படத்தை எல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் எங்கே நகல் கேட்டாலும் முதலில் இதைத்தான் நீட்ட வேண்டும். இதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்தது, உங்களைத் தெரிந்த யாராலும் ஊகிக்க முடியும், அதனால் கோப்பு பூட்டியிருக்கிறதே என்று நம்பி முழு ஆதாரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 2: உங்கள் பெயரில் எத்தனை சிம்?

சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் போன் நம்பரும் ஓடிபியும் கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடும் எண்கள் எல்லாம் வரும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி, அதனால் நடுவில் நாலைந்து கூடுதலாக ஓடினாலும் நமக்குத் தெரியவே தெரியாது. அப்பா பெயரில் ஐந்து இருந்தன, அவருக்குத் தெரிந்தது இரண்டு. மீதி மூன்றில் ஒன்று நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் பெயரில் வாங்கித் தூக்கிப் போட்டது. மற்ற இரண்டும் யாருடையவை என்று இன்றுவரை தெரியாது. தெரியாதவற்றுக்கு 'நாட் மை நம்பர்' என்றும், நம்முடையதுதான் ஆனால் வேண்டாம் என்பதற்கு 'நாட் ரெக்வயர்டு' என்றும் குறித்து அனுப்பலாம். உங்கள் பெயரில் ஓடும் சிம்மை வைத்து ஒருவன் மோசடி செய்தால் காவல் துறை முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

பழைய நம்பரைக் கைவிடுவதற்கு முன்னால் இன்னொன்று. முடக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு யாருக்கும் கொடுக்கலாம். வங்கி, மின்னஞ்சல், ஆதார், எரிவாயு, வாட்ஸ்அப் என்று எங்கெல்லாம் பழைய எண் பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் புதியதை மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும்.

படி 3: மின்னஞ்சல்தான் பெரிய சாவி

எந்தச் செயலியிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்கு. ஆகவே மற்ற எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால்கூட, மின்னஞ்சலுக்கு மட்டுமாவது இன்றைக்கே தனியாக ஒன்று வையுங்கள். நான்கு சம்பந்தமில்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. குழந்தை பெயரும் வருடமும் வேண்டாம்.

ஜிமெயில் என்றால் கணக்கு அமைப்பில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். 'யுவர் டிவைசஸ்' என்பதில் எந்தெந்தக் கருவியில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று இருக்கும், விற்றுவிட்ட பழைய போனும் பழைய அலுவலகக் கணினியும் அங்கே உட்கார்ந்திருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணாகப் பழைய நம்பர் இருந்தால் மாற்றுங்கள். அப்புறம் 'தேர்டு பார்ட்டி' இணைப்புகள்: ஏதோ ஒரு நாள் 'கூகுள் மூலம் உள்ளே வா' என்று அழுத்திய தளங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். என் கணக்கில் முப்பதுக்கு மேல் இருந்தன, நாலைந்து தவிர மற்றதெல்லாம் என்ன என்றே நினைவில் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

எங்கெங்கே கசிந்திருக்கிறது என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் பவ்ன்ட்' என்ற தளம் இருக்கிறது. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கியது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அது எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும். பட்டியலில் வரும் ஒவ்வொரு தளத்தின் பாஸ்வேர்டையும், அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அவற்றையும் மாற்ற வேண்டும்.

படி 4: போனுக்குள் யார் யார் எட்டிப் பார்க்கிறார்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் பிரைவசி, அதில் பெர்மிஷன் மேனேஜர். செயலி செயலியாகப் பார்ப்பதைவிட அனுமதி வாரியாகப் பார்ப்பது வேகம். எஸ்எம்எஸ், தொடர்புகள், மைக், கேமரா, இருப்பிடம், இந்த ஐந்தை மட்டும் திறந்து பாருங்கள், எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் ஓடிபி வருவது அங்கேதான். அம்மா போனில் ஒரு டார்ச் செயலி இருந்தது. போனிலேயே டார்ச் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்டால், "பெருசா பட்டன் இருக்குல்ல" என்றார். அந்தச் செயலிக்குத் தொடர்புகள், மைக், இருப்பிடம் மூன்றும் திறந்திருந்தன. விளக்கு எரிய அம்மாவின் போனில் இருக்கும் நானூறு பேருடைய நம்பர் எதற்கு?

இருப்பிடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்தால் வரைபடமும் ஆட்டோ செயலியும் ஒழுங்காக வேலை செய்யும். ஐபோனில் 2021-லிருந்து, செயலி உங்களைப் பின்தொடர அனுமதி கேட்கும்போது மறுக்கலாம், மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பரப் பகுதிக்குப் போய் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுங்கள்.

செயலியை நீக்கும்போது ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அனுமதிகளை மூடுங்கள், அடுத்து செயலிக்குள்ளேயே 'டெலீட் அக்கவுன்ட்' தேடிக் கணக்கை அழித்துவிடுங்கள், கடைசியில்தான் செயலியைத் தூக்க வேண்டும். செயலியை மட்டும் தூக்கினால் அவர்களிடம் உங்கள் கணக்கும் விவரமும் அப்படியே இருக்கும். கணக்கு தொடங்க வைக்கும் செயலிகள் அழிக்கவும் வழி வைக்க வேண்டும் என்று ஆப்பிளும் கூகுளும் இப்போது கட்டாயமாக்கியிருக்கின்றன.

கடன் செயலிகள் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கிய ஒருவரின் தொடர்புகள் முழுவதையும் அள்ளி, மாமனார் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் மார்ஃபிங் செய்த படம் அனுப்பி, அந்த அவமானத்தில் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது: கடன் செயலி உங்கள் தொடர்புகளையும், அழைப்புப் பதிவையும், படங்களையும் தொடக் கூடாது, கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றையும் கணக்குத் தொடங்க ஒரு தடவை மட்டும், உங்கள் சம்மதத்தோடுதான் கேட்கலாம். 2025 ஜூலையிலிருந்து ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிகள் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாத செயலியும், தொடர்புகளைக் கேட்கும் செயலியும் எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். மிரட்டல் வரும்போது அதை வீட்டில் சொல்லப் பயந்துதான் பலர் இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதை அடைக்கிறார்கள்.

இன்னொரு வேலை, அரை நிமிடம்தான் ஆகும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் ஏபிகே கோப்புகள், அதாவது திறந்தால் போனில் செயலியை நிறுவும் கோப்புகள், வருகின்றன. திறந்தால் பத்திரிகை வராது, எஸ்எம்எஸ் படிக்கும் ஒரு செயலி உள்ளே உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அதை மூடிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனில் முதலில்.

படி 5: வாட்ஸ்அப்

'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். அக்கவுன்ட் பகுதியில் ஆறு இலக்கப் பின் வையுங்கள், இது இருந்தால் ஓடிபியை யாராவது ஏமாற்றி வாங்கினாலும் கணக்கை எளிதில் பிடுங்க முடியாது. குழுவில் சேர்க்கும் உரிமையையும் முகப்புப் படத்தையும் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். பேக்கப்புக்கு எண்ட் டு எண்ட் குறியாக்கம் (உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) தனியாகப் போட வேண்டும், அந்த பாஸ்வேர்டை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள், தொலைந்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது.

படி 6: ஜெராக்ஸ் கடை

மேலே சொன்ன அத்தனையும் செய்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் கோட்டை விடுகிறோம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஏதாவது ஒரு கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பிடட்டுமா?" "அனுப்புங்க, நம்பர் போர்டுல இருக்கு." ஆதார், பான், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் கடைக்காரரின் போனுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸ்அப் வெப் வழியாகக் கணினியில் இறங்கி, பிரின்ட் ஆகி வெளியே வருகின்றன. பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். ஒருமுறை நான் நின்றுகொண்டிருந்தபோது கடைப் பையன் என் கோப்பைத் தேடி 'டவுன்லோட்ஸ்' திறந்தான். கீழே உருட்ட உருட்ட முகங்களாக வந்துகொண்டே இருந்தன. ஆதார்ப் படத்தில் இருக்கும் அந்தக் கலங்கிய முகங்கள், நூற்றுக்கணக்கில், ஏறக்குறைய எல்லாமே எங்கள் ஏரியா ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பையனிடம் எந்தத் தப்பான எண்ணமும் இல்லை, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணினி நாளைக்குப் பழுது பார்க்கப் போகும், இல்லையென்றால் பழைய சாமானாக விலைக்குப் போகும்.

நான் இப்போது செய்வது இது. மாஸ்க்டு ஆதார் போதுமா என்று முதலில் கேட்கிறேன். போதாது என்றால், அசல் அட்டையைக் கையில் கொண்டுபோய் நேரடியாக நகல் எடுக்கிறேன், கோப்பாக அனுப்புவதில்லை. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பிரின்ட் வந்ததும் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிட்டு, "தம்பி, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடுங்க" என்று சொல்லி, எடுக்கும் வரை நிற்கிறேன். வாட்ஸ்அப்பில் அழித்தாலும் கணினியில் இறங்கிய பிரதி போகாது என்பதால் இந்த இரண்டாவது வேலை அவசியம். முதல் தடவை கூச்சமாகத்தான் இருந்தது, கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை. சரியாக வராமல் கிழித்துப் போடும் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது மறுநாள் போண்டா மடிக்கும் காகிதமாகிவிடும்.

நகலின் மேல், படத்துக்குப் பக்கத்தில் குறுக்காக "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். "கேஸ் இணைப்புக்கு மட்டும், 12-3-2026" என்று எழுதிய நகலை வைத்து வேறொருவன் சிம் வாங்குவது கஷ்டம். விடுதியில் அறை எடுக்க, அப்பார்ட்மென்ட் வாசலில், கூரியர் வாங்க எல்லாவற்றுக்கும் ஆதார் தேவையில்லை, ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டலாம். துணிக்கடை பில்லில் போன் நம்பர் கேட்டால் "நம்பர் இல்லாமல் பில் போடுங்கள்" என்று சொல்லலாம். நம்பர் தந்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லியிருக்கிறது. நகைக்கடை லக்கி டிரா கூப்பனும் பொருட்காட்சியில் வைத்திருக்கும் பெட்டியும் கூடவே கூடாது, பெயர், நம்பர், கல்யாண நாள் மூன்றையும் நாமே எழுதிப் போடுகிறோம்.

படி 7: உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் காவல் இருக்கும். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 'என்கொயரி' பகுதிக்குப் போங்கள், உங்கள் பான் எண்ணை வைத்து எந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்று அங்கே இருக்கும். நீங்கள் கேட்காத கடனுக்கு விசாரணை வந்திருந்தால் யாரோ முயற்சி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே அந்தக் கடன் நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது, அதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள்.

படி 8: தொல்லை அழைப்புகள்

சுருக்கமாக: 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவு பெற்ற நிறுவனங்களின் விளம்பர அழைப்புகள் நிற்கும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வருபவை இதற்கு அடங்காது, அவற்றை சஞ்சார் சாத்தியில் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில் நீங்கள் சேராவிட்டாலும் உங்கள் பெயர் அங்கே இருக்கக்கூடும். அவர்கள் தளத்தில் 'அன்லிஸ்ட்' கொடுத்து நீக்கலாம். கணக்கு இருந்தால் முதலில் அதை முடக்கிவிட்டுத்தான் செய்ய முடியும்.

படி 9: எழுதிக் கேளுங்கள்

இது கெஞ்சுகிற விஷயம் இல்லை, உரிமை. கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு 86 வயது. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. என்ன தகவல் வைத்திருக்கிறாய் என்று கேட்க, தப்பைத் திருத்த, அழிக்கச் சொல்ல, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற அதில் இடம் இருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, நமக்கு வேண்டிய பெரும்பாலான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அதில் தாராளமாக வழி வைத்திருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நம்மைப் பற்றி அதிகம் வைத்திருப்பதே அரசுதானே.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகளிலேயே நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. தளத்தின் அடியில் பிரைவசி பாலிசியைத் திறந்து 'கிரீவன்ஸ்' என்று தேடினால் முகவரி கிடைக்கும். நான் அனுப்பும் கடிதம் இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஐயா / அம்மா, நான் தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர், பதிவு எண் இது. 1. என்னைப் பற்றித் தங்களிடம் உள்ள தனிப்பட்ட தகவல்கள் என்னென்ன, 2. அவற்றை வேறு எந்தெந்த நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியில் நான் அதற்குச் சம்மதித்தேன், ஆகிய இரண்டையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். விளம்பர நோக்கத்துக்கும் பிறருடன் பகிர்வதற்கும் நான் கொடுத்ததாகக் கருதப்படும் சம்மதத்தை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகள் தவிர மற்றவற்றை அழித்து, அழித்த விவரத்தை ஒரு மாதத்துக்குள் உறுதிப்படுத்தக் கோருகிறேன்."

கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். அடையாளச் சான்று கேட்டால் மாஸ்க்டு ஆதாருக்கு மேல் கொடுக்காதீர்கள். 'சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள், வங்கியும் மருத்துவமனையும் சில பதிவுகளை வைத்துத்தான் ஆக வேண்டும், அந்த வரி இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள்.

பணமே போய்விட்டால்

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். யோசிக்காதீர்கள், வங்கிக் கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். அப்புறம் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார், வங்கிக்கும் எழுத்தில் ஒன்று. உங்கள் மீதும் வங்கி மீதும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்து, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், முழுப் பணத்தையும் வங்கி திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்தது. அந்த மூன்று நாள் கணக்குக்காகவே புகார் கொடுத்த நேரத்தையும் பதிவு எண்ணையும் குறித்து வையுங்கள். 1930, 1947, 1909 மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி அம்மாவின் பீரோ கதவில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், போனே தொலைந்து போனாலும் கண்ணில் படட்டும் என்று.

தங்கச்சி விஷயத்தில் மருத்துவமனைக்கு இந்தக் கடிதத்தைத்தான் அனுப்பினோம். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. சேர்க்கைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் 'சேவைப் பங்குதாரர்கள்' என்று ஒரு வரி இருந்ததாகவும், அந்தப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். யார் அந்தப் பங்குதாரர்கள் என்று சொல்லவில்லை. இரண்டாவது கடிதம் போன வாரம் அனுப்பியிருக்கிறோம், அந்தப் பெயர்களைக் கேட்டு.